பழைய பாய்ப்படகு வாங்குமுன்



மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம். பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினால் புகையைப் பார்க்கிறோம். ஒரு சிறிய பாய்ப்படகை வாங்கும்போது எதைப் பார்ப்பது? இன்று அதைப் பற்றித்தான் பேச இருக்கிறோம்.

தோட்டத்து மக்களுக்குப் படகு எதற்கு என்று கேட்க வேண்டாம். பெடாஸில் இருக்கும் நமக்குப் போர்ட்டிக்சன் கடல் அதிகத் தூரமில்லை. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் என்ற பெண் பாய்ப்படகு ஓட்டி, 2021-ஆம் ஆண்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் கலந்துகொண்டார். நம் பிள்ளைகளும் ஆசைப்படலாம். நான்கைந்து நண்பர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பழைய படகொன்றை வாங்க நினைத்தால் அது நல்ல ஆசைதான். ஆனால், மோட்டார் சைக்கிள் பழுதானால் சாலையோரமாகத் தள்ளிக்கொண்டு வீடு வந்துவிடலாம். நடுக்கடலில் படகைத் தள்ளிக்கொண்டு வர முடியாது. இங்கே பணத்தோடு உயிரும் சேர்ந்திருக்கிறது.

புதிதாகப் பழகுகிறவர்கள் பலரும் வாங்கும் படகு 'லேசர்' என்பது. கனடா நாட்டவரான புரூஸ் கிர்பி 1969-இல் அதை வரைந்தார். நீளம் ஏறக்குறைய 4.2 மீட்டர். ஒரே பாய், ஒருவரே ஓட்டலாம். அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலாவது, எடை. இந்தப் படகின் வெறும் உடல் சுமார் 59 கிலோ இருக்க வேண்டும். ஒரு மூட்டை சிமெண்டைவிடச் சற்றே அதிகம். இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்தால் தூக்கிவிடலாம். மூச்சுத் திணறினால் உள்ளே தண்ணீர் புகுந்து ஊறியிருக்கிறது என்று பொருள். பின்புறத்து அடைப்பானைக் கழற்றிப் படகைச் சாய்த்துப் பாருங்கள். எவ்வளவு தண்ணீர் வடிகிறதோ, அவ்வளவு எச்சரிக்கை தேவை.

இரண்டாவது, உடல். தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரல் முட்டியால் படகு முழுவதும் தட்டுங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கணீரென்று கேட்கும். கெட்ட இடத்தில் சத்தம் மந்தமாக இருக்கும். பிறகு, ஆள் உட்காரும் இடத்தையும் கால் வைக்கும் இடத்தையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். அமுங்கிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் அடுக்குகள் பிரிந்துவிட்டன. புதிதாகச் சாயம் பூசிய இடத்தை இருமுறை பாருங்கள். அழகுக்காகவும் பூசியிருக்கலாம், விரிசலை மறைக்கவும் பூசியிருக்கலாம்.

மரப்படகாக இருந்தால் கூரிய திருப்புளியால் அடிப்பலகையையும் மூலைகளையும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் தடுக்கும். உளுத்த மரம் உள்ளே விடும்.

மூன்றாவது, பாய்மரம் செருகும் குழி. இதுதான் மிக முக்கியம். காற்றின் பலமெல்லாம் பாய்மரத்தின் வழியாக இங்கேதான் வந்து இறங்குகிறது. குழி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் குழியின் அடியில் வெடிப்பு. அந்த வெடிப்போடு கடலுக்குப் போனால் படகின் உள்ளே நீர் ஏறும். பலத்த காற்றில் மேல்தளமே கிழிந்துபோகலாம். இதற்குத் தண்ணீர் ஊற்ற விற்பவர் மறுத்தால், அந்த மறுப்பே நமக்குப் பதில்.

நான்காவது, பாய்மரமும் கயிறும். அலுமினியக் குழாயை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுக நோக்குங்கள், வளைந்திருந்தால் தெரிந்துவிடும். ஆணி அடித்த துளைகளைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் உப்புத் தண்ணீர் உலோகத்தை அரிக்கிறது. வேறு வகைப் படகுகளில் பாய்மரத்தை இழுத்துக் கட்டும் கம்பிவடம் இருக்கும். அதன்மேல் பழைய துணியை ஓட்டுங்கள். நூல் சிக்கினால் வடத்தின் இழை அறுந்திருக்கிறது. அந்த வடத்தை மாற்றியே ஆக வேண்டும்.

ஐந்தாவது, பாயும் சுக்கானும். புதிய பாய் காகிதம்போல் சலசலக்கும். வெயிலில் கிடந்து பழையதானது வேட்டிபோல் துவண்டுவிடும். தையலை நகத்தால் சுரண்டுங்கள். நூல் உதிர்ந்தால் வெயில் தின்றுவிட்டது. சுக்கானை மாட்டி ஆட்டிப் பாருங்கள். கொக்கியும் வளையமும் தளர்ந்திருந்தால் திருப்பும் நேரத்தில் படகு சொன்னபடி கேட்காது.

இத்தனையும் பார்த்த பிறகு கணக்குப் போடுங்கள். படகு 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பாய்க்கும் பாய்மரத்துக்கும் மேலும் 2,500 வெள்ளி செலவானால், நாம் வாங்கியது 4,500 வெள்ளிப் படகு. படகைப் பார்க்குமுன் முன்பணம் கொடுக்காதீர்கள். விற்பவர்தான் உரிமையாளரா என்று கேட்டு, கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். பாய்ப்படகு ஓட்டத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போய், அரைமணி நேரமாவது தண்ணீரில் ஓட்டிப் பார்த்து, கரையேற்றி, அடைப்பானை மறுபடியும் திறந்து பாருங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்திராப் பக்கமிருந்து திடீர்ப் புயற்காற்று வருவதுண்டு. பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் காலையிலும் வரும். நல்ல படகையே கவிழ்க்கக்கூடிய காற்று அது. ஆகவே, முதலில் பயிற்சி, அடுத்து உயிர்காப்புச் சட்டை, அதன் பிறகே படகு. இந்த வரிசையைப் பிள்ளைகள் மாற்றினால் பணம் கொடுக்காதீர்கள். வரிசைப்படி வந்தால் தாராளமாகக் கொடுங்கள். கடல் தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கடலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அதை அறிந்து நடந்தால் போதும்.