வழக்கு எல்லோருக்கும், செலவு யாருக்கு?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வழக்குப் போடுவோம்" என்றால் எல்லோரும் கை தட்டுகிறோம். செலவை யார் கொடுப்பது என்றால் கூட்டம் அமைதியாகிவிடுகிறது. இன்று அதைத்தான் பேசப்போகிறோம்.

பொதுநல வழக்கு என்று நாம் சொல்வது பெரும்பாலும் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுதான். அரசாங்கத்தின் நிர்வாகச் செயலுக்கு எதிராகவே அதைப் போடலாம். கம்பனித் துரையோடுள்ள பிணக்குக்குத் தொழில் திணைக்களம், தொழில் நியாயசபை என்று வேறு வழி உண்டு.

மனுவை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இதைத் தெரியாமல் உரிமையை இழந்தவர்கள் உண்டு.

நல்ல சட்டத்தரணி காசு வாங்காமலே வந்து நிற்கலாம். ஆனால் சத்தியக் கடதாசி, ஆவணப் பிரதிகள், தமிழ்க் கடிதங்களுக்கு மொழிபெயர்ப்பு, எதிர்த்தரப்பினர் ஒவ்வொருவருக்கும் அறிவித்தல், புதுக்கடைக்குப் பஸ் காசு எல்லாம் இருக்கிறதே! தவணைக்குத் தவணை கொழும்புக்குப் போகிறவருக்கு அன்றைய பேரும் கிடையாது. மனுவில் கையெழுத்து வைத்தவரே இவ்வளவையும் சுமப்பது நியாயமா?

வென்றால் செலவு திரும்பி வரும் என்பார்கள். பொருளாதார நெருக்கடி பற்றி 2022இல் போட்ட மனுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் உட்படப் பொறுப்பில் இருந்தவர்கள் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பர் 14இல் தீர்ப்பு வந்தது. வழக்குச் செலவாக மனுதாரர்களுக்குக் கிடைத்த உத்தரவு 150,000 ரூபா. அவ்வளவு பெரிய வழக்குக்கு அது எந்த மூலைக்கு?

அதே ஆண்டு ஜனவரியில், உயிர்த்த ஞாயிறு வழக்கில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. அது பாதிக்கப்பட்டவர்களுக்கான நட்டஈடு. வழக்குச் செலவு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தோற்றாலோ, எதிர்த்தரப்பின் செலவையும் கட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கக் கேட்ட கோடக்கன் பிள்ளை வழக்கு 1953இல் லண்டன் பிரிவிக் கவுன்சிலில் தோற்றது. ஒருவர் பெயரில் நடந்த வழக்கு. தீர்ப்போ நம் மக்கள் லட்சக்கணக்கானோரின் தலையில் விழுந்தது. அப்படியானால் செலவும் ஒருவருடையதாக இருக்க முடியாது.

ஆகவே சந்தாவோடு கலக்காத தனி வழக்கு நிதி வேண்டும் என்கிறோம். ஒரு மாதக் கெடுவுக்குள் ஓடியோடிப் பணம் திரட்ட முடியாது. முன்கூட்டியே இருக்க வேண்டும். கையெழுத்து வைப்பவரின் இழந்த நாட்சம்பளத்தை நிதி கொடுக்கும். தோற்றுச் செலவு கட்ட நேர்ந்தாலும் நிதியே கட்டும். வென்று கிடைக்கும் செலவுப் பணம் நிதிக்கே திரும்பும். கணக்குப் புத்தகத்தை எந்த அங்கத்தவரும் கேட்டுப் பார்க்கலாம். இதற்கு முன்னர் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் கேட்டுப் பார்ப்பதும் கட்டாயம். அது நம் வரிப் பணத்தில் நடப்பதுதானே.

இந்தப் பிரேரணை உங்கள் கமிட்டிகளுக்கு வருகிறது. மாதம் எவ்வளவு கொடுக்கலாம் என்று பேசி எழுதி அனுப்புங்கள். மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களைக் கேட்காமல் எழுத வேண்டாம்.