சோவியத்து நாடும் நெய்வேலியும் நாமும்



நம்மில் ஐம்பதைக் கடந்தவர்கள் பள்ளியில் பயின்ற நாளில், 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாள்களைக் கிழித்துப் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டோம். உருக்காலைகளும் அணைக்கட்டுகளும் அவற்றில் வண்ணப் படங்களாய் இருக்கும். அந்த நாடு 1991 டிசம்பரில் கலைந்து போயிற்று. கலைந்த நாட்டின் பொருளாதாரத்தை இன்று பேசுவானேன் என இளைஞர்கள் கேட்கலாம். அதன் துணையால் எழுந்த தொழிலகம் ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது என்பதால் பேசுகிறோம்.

1928-இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியபோது அது பெரும்பாலும் உழவர் நாடே. பத்தே ஆண்டுகளில் அது பெருந்தொழில் நாடாயிற்று. இயந்திரம் மட்டும் இதற்குக் காரணமன்று. 8 வயது முதல் 50 வயது வரை எழுத்தறியாதார் அனைவரும் கற்றே தீரவேண்டும் என 1919-லேயே அங்கு ஆணை பிறந்தது. 1897-இல் நூற்றுக்கு 28 பேராக இருந்த எழுத்தறிந்தோர், 1939-இல் 87 பேராயினர். பள்ளியும் ஆலையும் சேர்ந்தே வளர்ந்தன.

குறையையும் மறைத்தலாகாது. நிலங்களை வலிந்து கூட்டுப்பண்ணையாக்கியதன் பின்விளைவாக 1932-33 பஞ்சத்தில் பல லட்சம் உயிர்கள் மாண்டன. எஃகு குவிந்தது, செருப்புக்கும் துணிக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். ஏன் என்று கேட்க வாய் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் 1947-இல் வெளியிட்ட 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்னும் நூலில், அடிப்படைத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும் என்றார். ஆனால் சர்வாதிகாரம் கூடாது. அரசியல் சட்டத்திலேயே அதனை எழுதிவிட வேண்டும் என்றார். அந்த முழுத்திட்டம் ஏற்கப்படவில்லை. எனினும் ஓரளவு அவ்வழியில் பொதுத்துறை வளர்ந்தது. 1956-இல் நிறுவப்பட்ட நெய்வேலி நிறுவனம், சோவியத்து உதவியுடன் கட்டிய அனல் மின் நிலையத்திலிருந்து 1962-இல் முதல் மின்சாரத்தை அளித்தது.

இதனால் நமக்கு என்ன? ஆரணிப் பக்கத்துத் தறி, பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும். தறியில்லா வீட்டில் பிறந்தவன் அத்தொழிலுக்கு வெளியே நின்றான். கொதிகலனைக் காக்கப் பிறந்த சாதி என்று ஒன்று இல்லையே! அங்கே கேட்டது படிப்பு ஒன்றையே. மத்திய அரசுப் பணிகளில் 1943-இல் நூற்றுக்கு 8⅓ பங்காக இருந்த ஆதிதிராவிடர் ஒதுக்கீடு, 1970-இல் 15 பங்காயிற்று. பொதுத்துறையின் வாயிலும் அவ்வாறே திறந்தது.

அவ்வாயில் இப்போது குறுகி வருகிறது. முதல் மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. 2013-இல் நெய்வேலிப் பங்குகள் தனியாரிடம் போகாமல் தடுக்கத் தமிழக அரசு நிறுவனங்களே அவற்றை வாங்க நேர்ந்தது. ஒப்பந்ததாரர் வழியே ஆள் எடுக்கும் இடத்தில் ஒதுக்கீடு நம்மை எட்டுவதில்லை.

ஆகவே இளைஞர்களுக்கு ஒன்று. தொழிற்பழகுநர் அறிவிப்பு வெளிவந்த பின் சாதிச் சான்றிதழுக்காக ஓடாதீர்கள். கடைசி நாளன்று மாலை, விண்ணப்பமும் கையுமாகத் தலைமையாசிரியர் அறை வாசலில் பிள்ளைகள் நிற்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.