துறைமுகத்து மூவர்



'பங்க் ராக்' என்னும் பெயரைக் கேட்டதும் பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. கிழிந்த சட்டை, உரத்த கூச்சல், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டு என்பவையே அதன் இலக்கணம் எனப் பலரும் கருதுகிறார்கள். 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் தலையெடுத்த அவ்விசையில் கூச்சல் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கூச்சலுக்கு நடுவே ஒரு கொள்கையும் இருந்தது. பாட விரும்புகிறவன் எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே அது. அதை நடத்திக் காட்டிய மூவரைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

'மினிட்மென்' என்பது அவர்கள் குழுவின் பெயர். லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தை ஒட்டிய சான் பீட்ரோ அவர்கள் ஊர். கப்பல் சரக்கு ஏற்றி இறக்குவோரும் மீன்பிடித் தொழிலாளரும் வாழ்ந்த ஊர் அது. ஹாலிவுட் அதிகத் தொலைவில் இல்லை. எனினும் அது வேறோர் உலகம். டி. பூன், மைக் வாட் ஆகிய இருவரும் இளமைத் தோழர்கள். பூங்கா ஒன்றில் மரத்திலிருந்து பூன் குதிக்க, கீழே வந்துகொண்டிருந்த வாட் திடுக்கிட, அப்படித் தொடங்கிற்று அந்த நட்பு. நீ பேஸ் வாசி என்று வாட்டிடம் சொன்னவர் பூனின் தாயார். பேஸ் எத்தகைய கருவி என்றே அறியாத வாட், சாதாரணக் கிட்டாரில் நான்கு தந்திகளை மட்டும் கட்டி வாசித்தாராம்! டிரம் வாசித்த ஜார்ஜ் ஹர்லி மூன்றாமவர்.

1980-ல் குழு பிறந்தது. அவ்வாண்டிலேயே பூனும் வாட்டும் மற்றொரு நண்பரும் சேர்ந்து 'நியூ அலையன்ஸ்' என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்தையும் தொடங்கினர். தங்கள் தட்டுகளோடு பிறர் தட்டுகளையும் அதில் வெளியிட்டனர். மின்னியாபொலிஸ் நகரத்து 'ஹஸ்கர் டூ' குழுவின் முதல் ஆல்பம் 1982-ல் அவ்வாறு வந்ததே.

சிக்கனத்தை அவர்கள் 'எகனோ' என்று செல்லமாக அழைத்தனர். நள்ளிரவுக்குப் பின் ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகை குறைவு. ஆகவே நள்ளிரவில் பதிவு. முன்பே பயன்பட்ட நாடாவின் விலை மலிவு. ஆகவே அதுவே போதும். ஊர் ஊராகச் செல்ல ஒரு வேன். கருவிகளைச் சுமக்கத் தங்கள் தோள்கள். இதை வறுமை என்று எண்ணி இரங்கவேண்டாம். பிறரிடம் கடன்படாதவனுக்குப் பிறர் சொற்படி பாடவேண்டிய தேவை இல்லை என்ற கணக்கு அதில் இருந்தது.

ஹஸ்கர் டூ ஓர் இரட்டை ஆல்பத்தைப் பதிவு செய்திருப்பதை அறிந்ததும் மினிட்மென் பொறாமை கொள்ளவில்லை. மேலும் பல பாடல்களை எழுதினர். 1984-ல் வெளிவந்த 'டபிள் நிக்கல்ஸ் ஆன் த டைம்' என்னும் அவர்களது இரட்டை ஆல்பத்தில் 40-க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. செலவோ சுமார் 1,100 டாலர் என்பர். மூவரும் ஆளுக்கொரு பக்கத்துக்குப் பாடல்களைத் தேர்ந்தெடுத்தனர். எஞ்சியவற்றை நான்காம் பக்கத்தில் தொகுத்து அதற்குப் 'பதர்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினர். அப்பதரிலும் நெல்மணிகள் உண்டு!

தலைப்பு நெடுஞ்சாலை வழக்கிலிருந்து வந்தது. எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1974-ல் அமெரிக்கா முழுவதற்கும் விதிக்கப்பட்ட வேக வரம்பு மணிக்கு 55 மைல். 'நாங்கள் சரியாக 55 மைலில் செல்கிறோம்' என்பதே தலைப்பின் பொருள். வேக வரம்பை மீறுவதாகப் பெருமை பேசிய ஒரு பிரபலப் பாட்டுக்கு எதிரான குறும்பு அது. சாலையில் அடக்கம், இசையில் துணிவு!

எல்லாப் பாடல்களும் என்னைக் கவர்ந்தன என்று சொல்லமாட்டேன். சில தொடங்குமுன்னே முடிந்துவிடுகின்றன. ஆனால் வாட் எழுதி, பூன் பாடும் ஒரு மெல்லிய பாட்டு உண்டு. இரு தோழர்கள் சேர்ந்து இசை பழகிய வரலாறு அது. முழக்கத்துக்குப் பெயர்போன குழு அங்கே குரலைத் தாழ்த்தி, நண்பனிடம் பேசுவதுபோல் பேசுகிறது.

1985 டிசம்பர் 22-ஆம் நாள் அரிசோனாவில் வேன் விபத்துக்குள்ளாகி, பூன் தம் 27-ஆம் வயதில் இறந்தார். வாட் இசையையே விட்டுவிடும் நிலைக்கு வந்தார். அப்பொழுது ஓஹையோவிலிருந்து எட் கிராஃபர்டு என்ற இளம் ரசிகர் சான் பீட்ரோவுக்கு வந்து, தம்முடன் சேர்ந்து வாசிக்குமாறு வாட்டையும் ஹர்லியையும் வற்புறுத்தினார். முன்பின் அறியாத ஒருவரின் பிடிவாதம் வென்றது. 1986-ல் 'ஃபயர்ஹோஸ்' என்ற புதிய குழு, மீண்டும் மூவராகவே, மேடையேறியது. அக்குழு தன் ஆல்பங்களை டி. பூனுக்கே காணிக்கையாக்கியது.