ஐந்து கிராமும் ஐந்நூறு கிராமும்

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பது குடியாட்சியின் அடிப்படை. எனினும், இனத்தின் பெயரையே குறிப்பிடாத ஒரு சட்டத்தின் சுமை, ஓர் இனத்தார்மீதே பெரிதும் விழக்கூடுமோ? கூடும் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் சட்டம் ஒரு சான்று.

கொக்கேயின் என்னும் போதைப்பொருள் அங்கே இரு வடிவங்களில் விற்கப்பட்டது. ஒன்று வெண்ணிறத் தூள். அத்தூளைச் சமையல் சோடாவும் நீரும் சேர்த்துக் காய்ச்சிக் கட்டியாக்கினால், அது கிராக். இரண்டிலும் போதை தரும் பொருள் ஒன்றே. கட்டியைப் புகைக்கும்போது போதை விரைந்து ஏறுகிறது. சிறு அளவுகளில் மலிவாகக் கிடைத்தமையால், 1980களில் கிராக் ஏழை நகர்ப்பகுதிகளில் பரவியது.

1986 ஜூன் மாதம் லென் பயஸ் என்னும் இளம் கூடைப்பந்து வீரர் கொக்கேயினால் உயிரிழந்தார். நாடெங்கும் அச்சம் எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே புதிய சட்டம் பிறந்தது. 500 கிராம் தூள் விற்றவனுக்குக் குறைந்தது 5 ஆண்டுச் சிறை. கிராக் என்றால் 5 கிராமே போதும்! ஆகவே, தூளை மொத்தமாக விற்ற வணிகனைவிட, அதில் சிறிதளவைக் காய்ச்சி வீதியில் விற்றவன் கடுந்தண்டனை பெறவும் இடமுண்டாயிற்று.

விளைவு என்ன? 1993 இல் மத்திய நீதிமன்றங்களில் கிராக் விற்றதற்காகத் தண்டிக்கப்பட்டோரில் 100க்கு 88 பேர் கறுப்பினத்தார்.

மின்னசோட்டா மாநிலத்திலும் இத்தகைய சட்டம் இருந்தது. 3 கிராம் கிராக் வைத்திருந்தால் 20 ஆண்டு வரை சிறை; அதே அளவு தூளுக்கு 5 ஆண்டு வரையே. 1988 இல் அங்கே கிராக் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டோரில் 96.6 விழுக்காட்டினர் கறுப்பினத்தார். தூள் வழக்குகளில் 79.6 விழுக்காட்டினர் வெள்ளையர். இவ்வேற்றுமைக்குத் தக்க காரணம் காட்டப்படவில்லை என்று கூறி, அம்மாநில உச்ச நீதிமன்றம் 1991 இல் அதனைச் செல்லாததாக்கியது. மத்திய நீதிமன்றங்களோ, இனப்பகை எண்ணத்தோடு சட்டம் இயற்றப்பட்டது என்பதை மெய்ப்பிக்குமாறு கேட்டன. அஃது எளிதன்று. 1986 சட்டத்தைக் கறுப்பின உறுப்பினர் சிலரும் ஆதரித்திருந்தனரே!

இங்குத்தான் நாம் கருத வேண்டிய உண்மை உள்ளது. தீய எண்ணம் கொண்ட ஒருவரைச் சுட்டிக்காட்ட இயலாதபோதும் அநீதி நிகழக்கூடும். அவசரமாக வரைந்த சட்டம், ஏழைப் பகுதிகளையே சுற்றிவரும் காவல், தண்டனையைக் குறைக்க இயலாத நீதிபதி: இவை ஒன்றுகூடினால் போதும். நிறுவனங்களின் இனவேற்றுமை என அறிஞர் கூறுவது இதுவே.

1995 இல் தண்டனை ஆணைக்குழு இரு வடிவங்களையும் சமமாக்கப் பரிந்துரைத்தது, காங்கிரஸ் மறுத்துவிட்டது. 2010 இல்தான் 5 கிராம் 28 கிராமாக உயர்த்தப்பட்டது. நூறு மடங்கு வேற்றுமை ஏறத்தாழப் பதினெட்டு மடங்காயிற்று, சமம் ஆகவில்லை. முன்னரே தண்டனை பெற்றவர் அச்சலுகையை வேண்ட 2018 வரை காத்திருக்க நேர்ந்தது.

மாணவர்களே, ஒரு சட்டம் நடுநிலையானதா என்று அறிய அதன் வாசகத்தைப் படித்தல் மட்டும் போதாது. அதனால் சிறை சென்றோர் யார் யார் என எண்ணியும் பார்த்தல் வேண்டும். மின்னசோட்டா நீதிபதிகள் செய்தது அதுவே.