இரண்டு கோர்ட்டுகளுக்கு நடுவே ஒரு சட்டப் படிப்பு

தமிழில் ஒருவர் 'அவகாசம்' கேட்டால் இன்னும் கொஞ்சம் நாள் கேட்கிறார் என்று பொருள். தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்து இஞ்சிவிளைக்குள் நுழைந்தால் அதே சொல்லுக்கு உரிமை, பங்கு என்று பொருள். 'ஆதாரம்' தமிழில் சான்று. மலையாளத்தில் நிலப் பத்திரம். 'பிரதி' தமிழில் நகல். மலையாளத்தில் குற்றம் சாட்டப்பட்டவர். 'விதி' தமிழில் தலையெழுத்து. மலையாளத்தில் கோர்ட்டுத் தீர்ப்பு. தலையெழுத்தும் தீர்ப்பும் ஒன்றுதான் என்று நினைக்கிற கட்சிக்காரர்களும் உண்டு, அது வேறு விஷயம். வீட்டில் தமிழ் பேசும் பாறசாலைக்காரர் ஒருவர் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் கூண்டேறி, "என் கையில் ஆதாரம் இல்லை" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தில் எது ஏறும்? சான்று இல்லை என்பதா, பத்திரம் இல்லை என்பதா? சொத்து வழக்கு ஒன்று கவிழ்ந்துபோக இந்த வித்தியாசம் போதும். பக்கத்தில் நிற்கும் வக்கீலுக்கு இரண்டு மொழியும் தெரிந்திருந்தால் உடனே எழுந்து திருத்துவார். தெரியாவிட்டால், தவறு நடந்ததே அவருக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட வக்கீலை உருவாக்க இந்த வட்டாரத்தில் சட்டக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. திருவனந்தபுரம் அரசு சட்டக் கல்லூரிக்கு 1875 முதல் வரலாறு உண்டு. பாறசாலைக்குள்ளேயே செறுவாரக்கோணத்தில் சி.எஸ்.ஐ. திருச்சபை நடத்தும் சட்டக் கல்லூரி இருக்கிறது. நாலாஞ்சிறையில் மலங்கரை கத்தோலிக்கத் திருச்சபையின் மார் கிரிகோரியோஸ் சட்டக் கல்லூரி இருக்கிறது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திலேயே படிக்க வேண்டும் என்பவர்கள் பெங்களூருக்குப் போகிறார்கள். 1831-இல் மான்னானத்தில் வேர்விட்ட கேரளத் துறவற சபையினர் நடத்தும் கிறிஸ்ட் கல்லூரி, 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, பி.ஏ. எல்.எல்.பி., பி.பி.ஏ. எல்.எல்.பி., எல்.எல்.எம். என்று பட்டங்கள் தருகிறது. தனியார் பல்கலைக்கழகங்களுக்கு வழிவிடும் மசோதாவைக் கேரள சட்டமன்றமும் 2025 மார்ச்சில் நிறைவேற்றியது. 40 விழுக்காடு இடங்கள் கேரளத்தாருக்கு என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. ஆகவே கத்தோலிக்கப் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி என்பது இந்த வட்டாரத்துக்கு இனி எட்டாக்கனி இல்லை. அப்படி ஒன்று வந்தாலும் சரி, இருக்கிற திருச்சபைக் கல்லூரிகளானாலும் சரி, அவை தரும் பட்டத்தை எதை வைத்து எடைபோடுவது? எல்லைக்கோட்டின் இருபுறத்துக் காகிதத்தையும் படிக்கத் தெரிந்த வக்கீலை அது உருவாக்குகிறதா என்பதை வைத்துத்தான் என்பது என் வாதம்.

இதை ஏன் திருச்சபையிடம் கேட்க வேண்டும் என்றால், அது தன் கல்லூரிகளை நடத்துவதே அரசமைப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின் பலத்தில். கேரளக் கல்வி மசோதா பற்றி 1958-இல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்ன நாள் முதல் அந்தப் பிரிவுக்காக வாதாடியவர்களில் கேரளக் கிறிஸ்தவ நிறுவனங்கள் முக்கியமானவை. அந்தப் பிரிவு மதச் சிறுபான்மைக்கும் மொழிச் சிறுபான்மைக்கும் ஒரே வாக்கியத்தில் உரிமை தருகிறது. வாக்கியத்தின் முதல் பாதியில் நிற்கிற நிறுவனம், தன் வாசலிலேயே வாழ்கிற இரண்டாம் பாதிக்காரர்களை மறந்துவிட்டுப் பாடத்திட்டம் வகுப்பது சரியாகப் படவில்லை. அதோடு, கோட்டுக்கு இருபுறமும் கிளை விரித்த நிறுவனமும் அதுதான். கேரளப் பக்கத்தில் நெய்யாற்றின்கரை லத்தீன் மறைமாவட்டம் 1996-இல் உருவானது, தமிழ்நாட்டுப் பக்கத்தில் குழித்துறை 2014-இல். மலங்கரை சபைக்கு மார்த்தாண்டம் 1996-இல், பாறசாலை 2017-இல்.

சட்டப் புத்தகமே நெய்யாற்றின்கரையைப் பேர் சொல்லி அழைத்த ஓரிடம் உண்டு. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கொல்லம் ஆண்டு 1092-இல், அதாவது 1916-இல், திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. சீதனம் வாங்கியிருந்தால் அதுவும் கிடையாது. ஆனால் அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவு ஒரு விலக்கு தந்தது. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமுள்ள லத்தீன் கத்தோலிக்கரிலும் சீர்திருத்தக் கிறிஸ்தவரிலும் சில பிரிவினருக்கு அந்தக் கால்பங்குக் கணக்கு பொருந்தாது என்றது. அவர்கள் வாழும் தாலுகாக்களைப் பட்டியலிட்டபோது கருநாகப்பள்ளி, கொல்லம், சிறையின்கீழ், திருவனந்தபுரம் ஆகியவற்றோடு நெய்யாற்றின்கரையையும் சேர்த்தது. 1986 பிப்ரவரியில் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் முதலே திருவிதாங்கூர்ச் சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று சொல்லிவிட்டது. கதை அத்தோடு முடிந்ததென்று பாடப் புத்தகம் நினைக்கும். ஆனால் 1951-க்கு முன் இறந்துபோன பாட்டன் ஒருவரின் நிலத்துக்கு இன்று பேரன் பேத்திகள் மூலப் பத்திரம் தேடும்போது, அந்தக் குடும்பம் எந்தச் சபை, எந்தத் தாலுகா, என்ன வழக்கம் என்ற கேள்விகள் எல்லாம் திரும்பவும் எழுந்து வருகின்றன.

அந்தக் குடும்பத்தில் பாதிப்பேர் இன்று தமிழ்நாட்டில் இருப்பார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நாகர்கோவில் வக்கீலான மார்ஷல் நேசமணியும் அவருடைய கட்சியும் நெய்யாற்றின்கரையையும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. கோடு போட்டார்கள், பெண் கொடுத்து எடுத்தவர்களிடம் கேட்டுப் போடவில்லை. நிலக் காகிதம் என்றால் கோட்டுக்குக் கேரளப் பக்கம் கரம் கட்டிய ரசீதும் தண்டப்பேரும் போக்குவரவும். தமிழ்நாட்டுப் பக்கம் பட்டாவும் சிட்டாவும் அடங்கலும். விளவங்கோட்டுப் பக்கத்துப் பழைய பத்திரங்கள் பலவும் மலையாள எழுத்தில் இருப்பதால், குழித்துறையில் தொழில் செய்யும் தமிழ் படித்த இளம் வக்கீல் யாராவது ஒரு பெரியவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாறசாலை வக்கீல் கையில் தமிழ்க் காகிதம் வந்தால் இதே கதை தலைகீழாக நடக்கும்.

குற்ற வழக்கிலும் இந்தக் கோடு குறுக்கே வருகிறது. 2022 அக்டோபரில் பாறசாலையைச் சேர்ந்த ஓர் இளைஞர், கன்னியாகுமரி மாவட்டத்து வீடொன்றில் விஷம் கலந்த கஷாயம் குடித்து, 11 நாள் கழித்துத் திருவனந்தபுரத்தில் இறந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விஷம் கொடுத்த இடம் தமிழ்நாடு, உயிர் போன இடம் கேரளம். எந்த மாநிலத்துக் கோர்ட்டு விசாரிப்பது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. செயல் நடந்த இடத்திலும் விசாரிக்கலாம், அதன் விளைவு நேர்ந்த இடத்திலும் விசாரிக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு சொன்னது. அதன் இடத்தில் 2024-இல் வந்த புதிய சட்டத்தில் அது 199-ஆம் பிரிவு. நெய்யாற்றின்கரை செஷன்ஸ் கோர்ட்டு விசாரித்து 2025 ஜனவரியில் தண்டனை விதித்தது. டெல்லி மாணவருக்கு இது பரீட்சைக் கேள்வி. பாறசாலை மாணவருக்கு அடுத்த தெருவில் நடந்தது.

உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம், வட்டார மொழியைப் பிடித்துக்கொண்டிருந்தால் மாணவர் முன்னேற முடியாது என்று ஒரு மறுப்பு வரும். ஆங்கிலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வழக்கு உயர் நீதிமன்றத்தில் பிறப்பதில்லை. முன்சீப் கோர்ட்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் பிறக்கிறது. அங்கே சாட்சி தன் வாயில் வரும் மொழியில்தான் பேசுவார். தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களுக்குத் தமிழைக் கொண்டுவரச் சட்டம் 1976-இலேயே திருத்தப்பட்டது. அங்கே போகும் வக்கீலுக்கு ஆங்கிலம் மட்டும் போதாது. பாறசாலைத் தமிழர்கள் எல்லாரும் மலையாளம் படித்தவர்கள்தானே என்பது இன்னொரு மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. பள்ளியில் மலையாளம் படித்த பேரன் சமாளித்துக்கொள்வான். சொத்து பாட்டி பேரில் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தி ஒரு மனுவை ஒழுங்காக எழுதித் தர ஆள் வேண்டும்.

மத நிறுவனம் சட்டம் கற்பித்தால் பட்டத்தில் மதம் கலக்குமே என்பாரும் உண்டு. பாடத்திட்டத்தின் எலும்புக்கூடு இந்திய வழக்கறிஞர் மன்றத்தினுடையது, அதில் கலக்க இடமில்லை. கலந்திருக்கும் ஒரு பழைய மரபை நானே வரவேற்பேன். ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்கள் திருச்சபைச் சட்டம், ரோமச் சட்டம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பட்டம் தந்தன. மக்கள் ஒரே நேரத்தில் இரண்டு சட்டங்களின் கீழ் வாழ்ந்தார்கள், அதனால் வக்கீலும் இரண்டையும் படித்தார். பாறசாலைக்காரர்களும் ஏறக்குறைய அப்படித்தான் வாழ்கிறார்கள்.

புதிய சட்டக் கல்லூரிகளுக்கு 2025 ஆகஸ்டில் வழக்கறிஞர் மன்றம் 3 ஆண்டுத் தடை போட்டிருக்கிறதே, இதைப் பேசி என்ன பயன் என்று கேட்கலாம். நான் கேட்பதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. மன்றத்தின் 2008-ஆம் ஆண்டு விதிகளே ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரக் களப் பயிற்சி கேட்கின்றன. மனு, பத்திரம் எழுதும் தாளைக் கட்டாயமாக்குகின்றன. இலவச சட்ட உதவி மையமும் வேண்டும் என்கின்றன. அந்த 20 வாரத்தில் சில வாரம் நெய்யாற்றின்கரையிலும் சில வாரம் குழித்துறையிலும் கழியட்டும். பத்திரம் எழுதும் தாளில் ஒரு கிரயப் பத்திரம் மலையாளத்தில், ஒன்று தமிழில் இருக்கட்டும். தடை 2028 ஆகஸ்டில் முடியும். தடை வந்த ஆண்டில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தவர் அப்போது மூன்றாம் ஆண்டை முடித்திருப்பார். களப் பயிற்சியில் ஒரு பகுதி அவருக்கு அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும்.