நம்மைக் கேளாமல் இயங்கும் நரம்புகள்



நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் விரலை உயர்த்தி வெளியே செல்ல விடை கேட்டான். "மணியடிக்கும் வரை அடக்கிக்கொள்" என்றேன். சற்று நேரத்தில் அவனது காற்சட்டை நனைந்துவிட்டது. வகுப்பு சிரித்தது, நானோ அவனை அதட்டினேன். குற்றம் யாருடையது என்பது, பின்னாளில் உடற்கூற்று நூல்களைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

இடுப்புக் குழியில் இருக்கும் சிறுநீர்ப்பையின் சுவர் தசையால் ஆனது. கையை மடக்குவதுபோல் அத்தசையை நாம் ஏவ முடியாது. அதை ஆள்பவை தன்னியக்க நரம்புகள். இப்பெயரை 1898இல் வழங்கியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் லாங்லி.

இவற்றுள் இரு வகையுண்டு. பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியின் அடியிலும் இடைப் பகுதியின் மேலும் தோன்றி, முதுகெலும்பின் முன்புறமாக இறங்கி வருகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகளோ, தண்டுவடத்தின் கடைக்கோடியில், திருவெலும்பு நரம்புகளுள் 2, 3, 4ஆம் இணைகளிலிருந்து புறப்படுகின்றன. மலக்குடலின் இருபுறமும் இவ்விரண்டும் கலந்து மெல்லிய வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. மலக்குடற் புற்றுநோய்க்குக் கத்தி வைக்கும் மருத்துவர்கள் இவ்வலைக்கு மிகவும் அஞ்சுவர். அது அறுபட்டால் நோயாளியின் சிறுநீர்ப்பை சுருங்காமல் போகக்கூடும்.

பரிவு நரம்பு பையின் சுவரைத் தளர்த்திக் கழுத்தை இறுக்கும். பை அமைதியாக நிரம்பும். வளர்ந்தவருக்கு ஏறக்குறைய 400 முதல் 500 மில்லி லிட்டர் கொள்ளும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு இடமேது? நிரம்பியதும் எதிர்ப்பரிவு நரம்பு சுவரைச் சுருக்கும். இந்த மாற்றத்தை நடத்தும் நடுவம் மூளைத்தண்டில் உள்ளதெனப் பூனைகளை ஆராய்ந்து 1925இல் பாரிங்டன் காட்டினார்.

நம் விருப்பத்துக்கு அடங்குவது ஒன்றே ஒன்று: வெளிப்புறச் சுருக்குத்தசை. அதற்குச் செல்லும் நரம்பு வேறு. அது தன்னியக்க வகையன்று. அச்சிறுவன் அந்த ஒரு கதவைத் தன்னாலியன்ற மட்டும் பிடித்துப் பார்த்தான். உள்ளே சுவர் சுருங்கத் தொடங்கிய பின் அவன் என்ன செய்வான்? நாள்தோறும் இவ்வாறு அடக்கும் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும் என்றும் மருத்துவர் கூறுவர்.

தலைமையாசிரியரானதும் சுற்றறிக்கை ஏட்டில் முதல்நாளே எழுதினேன்: விரலை உயர்த்தும் பிள்ளையைக் கேள்வி கேளாமல் அனுப்புக. அதைச் சாக்கிட்டுச் சிலர் மாமரத்தடிக்குப் போனதும் எனக்குத் தெரியும். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.