வாசலில் கற்ற பாஸ்கல் பாடம்



அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காரின் பின்சக்கரங்களுக்குப் புதிய டிஸ்குகளையும் பிரேக் பேடுகளையும் வீட்டிலேயே பொருத்தினேன். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு டிஸ்க். அதை இருபுறமும் பற்றி நிறுத்துபவை பேடுகள். பழைய டிஸ்குகள், விளிம்பில் பொறித்திருந்த குறைந்தபட்சக் கனத்துக்கும் கீழே தேய்ந்திருந்தன. அதில் வியப்பில்லை. 1200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் அதன் இயக்க ஆற்றல் 2,40,000 ஜூல். நிறுத்தும்போது அதில் பெரும்பகுதி பிரேக்குகளில் வெப்பமாக மாறியாக வேண்டும்.

சமதரையில் காரை நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். கைப்பிரேக்கைத் தளர்த்தி, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகளின்மேல் இருத்தினேன். ஜாக்கி ஒன்றையே நம்பிக் காரின் அடியில் கை நீட்டுவது அறிவுடைமை ஆகாது. துருவேறிய டிஸ்குகள் சுத்தியலின் தயவால் கழன்றன.

புதிய பேடுகள் கனமானவை. அவற்றுக்கு இடம் உண்டாக, காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். முன்சக்கரத்தில் அழுத்தினாற் போதும். பின்சக்கரத்திலோ, பல கார்களில் கைப்பிரேக்கின் திருகும் பிஸ்டனோடு இணைந்திருக்கும். அழுத்திக்கொண்டே திருக வேண்டும். இதை மறந்து அரைமணி நேரம் அழுத்தி வியர்த்தேன். திருகியதும் சாதுவாக உள்ளே சென்றது!

புதிய டிஸ்குகளின் காப்பெண்ணெயைத் துடைத்து எல்லாவற்றையும் மாட்டினேன். காரை இறக்கி, ஆசனத்தில் அமர்ந்து, கட்டைகளை எடுக்குமாறு என் மகளிடம் கூறினேன். வாயிலுக்கு அப்பால் தெரு வரை சரிவு. தெருவில் அண்டை வீட்டுச் சிறுவர்கள் பந்தாடிக்கொண்டிருந்தனர். குனிந்தவள் நிமிர்ந்து, "அப்பா, பிரேக்கை மிதித்துப் பார்த்தீர்களா?" என்றாள்.

மிதித்தேன். மிதி தரையைத் தொட்டது. பிடிப்பு என்பதே இல்லை!

அடைபட்ட திரவத்தில் செலுத்திய அழுத்தம் எத்திசையிலும் குறையாது பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் கூறினார். நானும் அதைப் பரீட்சையில் எழுதியவன்தான். ஆனால், பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் திரும்பி வந்து பேடைத் தொடும் வரையில், பிரேக் எண்ணெய் வெற்றிடைவெளியைக் கடக்கவே செலவாகிறது. எதிர்ப்பு இல்லாத இடத்தில் அழுத்தம் எப்படிப் பிறக்கும்?

மெல்ல மெல்லப் பலமுறை மிதித்தேன். மிதி சிறிது சிறிதாக உயர்ந்து, இறுதியில் கல்லைப் போல் நின்றது. எண்ணெயின் அளவையும் சரிபார்த்தோம். அதன்பிறகே அவள் கட்டைகளை எடுத்தாள்.